பள்ளிக்கூடத்தில் சீருடை கட்டாயம் வேண்டுமா?

12 ஜூன் 2024, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

பள்ளி திறந்து இன்று மூன்றாவது நாள். மகள் 9-ஆம் வகுப்பு, அரசு உதவி பெறும் பள்ளி. சுடிதாருக்கு மேல் போடுகிற ஓவர்கோட் ஒன்றுதான் தைத்திருக்கிறோம். நேற்று மழையில் நனைந்தது, காயவில்லை. அது இல்லாமல் அனுப்பினேன். முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். போன் செய்து கேட்டால் "யூனிபார்ம்னா யூனிபார்ம்தான்" என்கிறார்கள். ஓவர்கோட் போடாத பிள்ளைக்கு அல்ஜீப்ரா ஏறாதா? எதற்கு இதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள்?

12 ஜூன், இரவு. என் பதில் (மற்ற வாசகர்கள் இடையிடையே எழுதியவை இங்கே இல்லை)

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. சீருடை தேவையா என்பது ஒன்று. அது இல்லாமல் வந்த பிள்ளையை வெளியே நிறுத்தலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு யோசிக்கவே வேண்டாம், கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. வராந்தாவில் நிறுத்திவைத்து, போகிறவர் வருகிறவரெல்லாம் "என்ன பண்ணின?" என்று கேட்கும்படி செய்வது துன்புறுத்தல் இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வரைக்கும்தான். 9-ஆம் வகுப்புப் பிள்ளை அந்தக் கோட்டில் நிற்கும், அல்லது தாண்டியிருக்கும். அதனால் சட்டப் புத்தகத்தோடு போகாதீர்கள். தலைமையாசிரியரை நேரில் பாருங்கள்.

முதல் கேள்வியில் நான் உங்கள் கட்சி இல்லை. சீருடை வேண்டும் என்கிற ஆள். காரணம் நாளை. இங்கே கரண்ட் போய்விட்டது.

13 ஜூன், காலை

என் பெரியப்பா தையல்காரர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் மிஷின் போட்டிருந்தார். மே கடைசியில் இருந்து ஜூன் முடிகிற வரைக்கும் கடையில் வேறு துணியே ஓடாது. வெள்ளை, காக்கி, ஊதா. கோடை விடுமுறையில் நானும் காஜா எடுக்க உட்கார்ந்துவிடுவேன்.

சீருடை எல்லாரையும் சமமாக்கிவிடும் என்று பேசுகிறவர்கள் தையல் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையில் எத்தனை வெள்ளை! பண்ணையார் வீட்டுப் பையனுக்கு வழுவழுவென்று டெரிகாட்டன். வாத்தியார் பிள்ளைக்கு பாப்ளின். மற்றவனுக்கு அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைப் பிரித்து, காலர் திருப்பி, சின்னதாக்கித் தருவார் பெரியப்பா. காலரைத் திருப்பித் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும், ஒரு வருஷம் ஓடும். என் சட்டை ஒன்று அப்பாவின் வேட்டியில் தைத்தது. சொட்டு நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் அது வெள்ளை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

டவுசர் கதை இன்னும் மோசம். பெஞ்சில் தேய்ந்து தேய்ந்து பின்பக்கம் இரண்டு ஓட்டை விழும். அதற்குத் தபால்பெட்டி என்று பெயர். இந்தப் பெயர் வைக்காத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. பின்பெஞ்சுக்காரன் காகிதத்தை மடித்து உள்ளே போட்டு "மெட்ராஸுக்கு ஒண்ணு" என்பான்.

சரி, இவ்வளவு வித்தியாசம் தெரிந்தும் ஏன் சீருடை வேண்டும் என்கிறேன்? கலர் டிரெஸ் நாட்களால். ஜூன் முதல் வாரம் சீருடை தைத்து வராத பிள்ளைகள் கலரில் வரலாம். பிறந்தநாள் என்றால் கலர் போட்டு மிட்டாய் கொடுக்கலாம். அன்றைக்கு யார் எந்த வீடு என்பது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்துவிடும். சீருடையில் இருக்கிறவனைப் பக்கத்தில் வந்து, துணியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தூரம்தான் எனக்குச் சீருடை கொடுத்தது. அது பெரிய விஷயமா என்று கேட்டால், அந்த வயதில் பெரிய விஷயம்தான்.

கல்யாண வீட்டுக்கும் யூனிபார்மிலேயே வருகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இருக்கிற துணியில் கிழியாதது அதுதான். கலர் டிரெஸ் போட்டுக்கொள்வது ஒரு சுதந்திரம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சுதந்திரத்துக்கு வீட்டில் குறைந்தது ஐந்தாறு நல்ல உடுப்பு வேண்டும் சார்.

13 ஜூன், மதியம்

"பிறகு ஷூ, வாட்ச், பேக், டிபன் பாக்ஸ் எல்லாம் இருக்கிறதே, அதையும் சீராக்குவீர்களா" என்று கேட்டவருக்கு: மாட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்தால் தெரிகிற வித்தியாசத்தைப் போக்க எந்தத் துணியாலும் முடியாது. அதற்குத்தான் எல்லாருக்கும் ஒரே சோறு என்று மதிய உணவு வந்தது.

கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தேய்த்துப் போன தலைமுறை இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள்.

14 ஜூன்

கை தூக்கியவர்களுக்கு நன்றி. கரும்பலகைக்கு வைத்த சாக்பீஸ் வெள்ளிக்கிழமைகளில் ஏன் காணாமல் போனது என்பது இத்தனை வருஷம் கழித்து வெளிவருகிறது.

சீருடை வெள்ளைக்காரன் கொண்டுவந்த அடிமைப் பழக்கம் என்று ஒருவர் போட்டிருக்கிறார். பாதி சரி. வந்த வழி அவர் நினைக்கிற வழி இல்லை. இங்கிலாந்தில் பழமையான பள்ளிச் சீருடை என்று சொல்லப்படுவது கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியின் நீல அங்கி. 1552-இல் லண்டனில் ஆதரவற்ற, ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்குத் தர்மமாகக் கொடுத்த துணிதான் சீருடை. பணக்காரப் பள்ளிகள் டையும் கோட்டும் மாட்டிக்கொண்டது ரொம்பப் பின்னால். வெள்ளைக்காரனிடம் நாம் காப்பியடித்தது அந்த டையை. சித்திரை வெயிலில் அஞ்சு வயசுப் பிள்ளை கழுத்தில் அதைக் கட்டி இறுக்குவது யார் புத்தியோ!

நம் ஊர்க் கதை வேறு. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்க்காரர்கள் முன்னால் பட்டியல் போட்டு, அவர்களிடமே நன்கொடை வாங்குவார்கள். கட்டடம், பெஞ்சு, மணி, கூடவே பிள்ளைகளுக்குச் சீருடை. பிறகு எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை என்பது 1985-இல் தொடங்கியது. முதலில் வருஷத்துக்கு ஒரு செட். 2012 வாக்கில் ஜெயலலிதா நான்கு செட் ஆக்கினார். துணி பெரும்பாலும் கூட்டுறவு விசைத்தறிகளில் நெய்வது. தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள பெண்கள். அளவு சரியில்லை என்று எல்லா வருஷமும் புகார் வரும். வரட்டும். வளர்கிற பிள்ளைக்கு ஒரு மாதம் முன்னால் அளவெடுத்தாலே பொருந்தாது, பெரியப்பாவே தோற்ற இடம் அது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த நான்கு செட் 8-ஆம் வகுப்பு வரைக்கும்தான். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு செட்டுக்கு 600 ரூபாய் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதுவும் 8-ஆம் வகுப்போடு முடிகிறது. 9-இல் அளவு கூடுகிறது, துணி கூடுகிறது, பெண் பிள்ளைக்கு ஓவர்கோட், துப்பட்டா என்று உருப்படியும் கூடுகிறது. கொடுக்கிற கை அங்கே நின்றுவிடுகிறது, கட்டாயம் மட்டும் நிற்பதில்லை. படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கு அனுப்பலாமா, கடையில் சேர்க்கலாமா என்று வீடு யோசிக்கிற வயதும் அதுதான். கேள்வி கேட்டவரே, உங்கள் மகள் நின்றது அந்த இடைவெளியில். எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் கேட்க வேண்டியது "கட்டாயமா" என்பதில்லை. "கட்டாயம் என்றால் கொடுப்பது யார்" என்பதுதான்.

14 ஜூன், இரவு

11-ஆம் வகுப்புக்கு இலவச சைக்கிள் தருகிறோம். அதை ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குச் சட்டை அவன் அப்பா வாங்க வேண்டும். இதை மட்டும் சேர்க்க மறந்தேன்.

15 ஜூன்

சீருடையால் வருகிற நன்மைகளில் ஒன்றை யாரும் சொல்லவில்லை. பஸ். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பாஸ் வருகிறவரை, சீருடையில் இருந்தால் அரசுப் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று போக்குவரத்துத் துறை அறிவிக்கும். அந்த ஒரு மாதம் சட்டையே டிக்கெட்.

தீமை: மேட்னி ஷோ. யூனிபார்மில் போனால் கொட்டகைக்காரரே அப்பாவிடம் சொல்லிவிடுவார். அதனால் பைக்குள் ஒரு கலர் சட்டை சுருட்டி வைத்திருப்போம். டவுசரை மாற்ற முடியாது. காக்கி டவுசரும் பூப்போட்ட சட்டையுமாக பெஞ்ச் டிக்கெட் வரிசையில் நின்றவன் எவனும் தப்பியதில்லை.

16 ஜூன்

தனியார் பள்ளி பற்றிச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொன்னால் நீளும், கோபமும் வரும்.

என் மகன் படிக்கிற பள்ளி, பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் கோடு போட்ட சட்டை, ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் அவனுடைய ஹவுஸ் நிறத்தில் டி-சர்ட். இந்த மூன்றுக்கும் வேறு வேறு சாக்ஸ். சாக்ஸின் மேல் ஓரத்தில் இரண்டு கோடு, அந்தக் கோட்டின் நிறம் வெளிக்கடையில் கிடைக்காது. பெல்ட் பக்கிளில் பள்ளி முத்திரை. எல்லாமே பள்ளி வளாகத்தில் ஒரு அறையில்தான் விற்பனை. பில் கேட்டால் துண்டுச் சீட்டு. வெளியே இதே தரத்துத் துணி பாதி விலைக்குத் தைத்துவிடலாம், தையல் கடையில் வளர்ந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

வளாகத்துக்குள் புத்தகம், நோட்டு, சீருடை விற்று வியாபாரம் செய்யாதீர்கள் என்று 2017 ஏப்ரலிலேயே சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு எழுதியது. பலன் என்னவென்று பெற்றோர்களுக்குத் தெரியும். சில இடங்களில் விற்பனை அறை வாசலுக்கு எதிர்க் கடைக்கு மாறியது, விலை மாறவில்லை.

பெரியப்பாவின் கடை மூடியதற்கும் இதுதான் ஒரு காரணம். ஒரு காலத்தில் ஊர்ப் பள்ளிகளின் ஜூன் மாதம்தான் ஊர்த் தையல்காரர்களின் வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு. தனியார் பள்ளிகள் மொத்தமாக வெளியூர் கம்பெனியிடம் தைத்து வாங்கத் தொடங்கியதும் அந்த வேலை போய்விட்டது. நிறத்தை மட்டும் அறிவித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி சொன்னால் பெற்றோருக்கும் மிச்சம், தையல்காரருக்கும் வேலை. முத்திரை வேண்டுமென்றால் ஒரு துணித் துண்டில் அச்சடித்துக் கொடுங்கள், நாங்கள் தைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் பார்த்துச் சீருடையே வேண்டாம் என்கிறவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் எரிச்சல் வியாபாரத்தின் மேல். சாக்ஸ் கோட்டுக்கும் சமத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

19 ஜூன்

நேற்று நீதியரசர் கே. சந்துரு தன் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்திருக்கிறார். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்புப் படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு போட்ட ஒருநபர் குழு. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டை எப்படிப் போக்குவது என்பது அவருக்குக் கொடுத்த வேலை. செய்தித்தாளில் வந்த பரிந்துரைகளைப் படித்ததும் இந்த விவாதத்துக்குத்தான் ஓடி வந்தேன். வண்ணக் கயிறு கட்டக்கூடாது, மோதிரம் கூடாது, நெற்றியில் திலகம் கூடாது, சாதியைக் காட்டுகிற நிறம் பூசிய சைக்கிள் கூடாது.

நான் படித்த பக்கம் இது. எங்கள் காலத்தில் கையில் கட்டியிருந்தது பெரும்பாலும் கோயில் கயிறுதான். சாதி தெரிந்துகொள்ளக் கயிறு தேவைப்படவில்லை. எந்தத் தெரு என்று கேட்டால் முடிந்தது. இப்போது நிறம் நிறமாகக் கட்டுகிறார்கள், எந்த நிறம் யாருக்கு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிரியராக இருக்கிற என் பள்ளித் தோழன் சொன்னது: "சட்டை எல்லாருக்கும் ஒண்ணுதான், அதனாலதான் கயிறு கட்டுறானுவ. சட்டையில காட்ட முடியாததை மணிக்கட்டுல காட்டுறானுவ."

இதை வைத்து, பார்த்தீர்களா, சீருடை தோற்றுவிட்டது என்று ஒருவர் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 13-ஆம் தேதி நான் எழுதியது ஏழை, பணக்காரன் வித்தியாசத்தை வைத்து. அதை எந்தப் பையனும் மறைக்கத்தான் பார்ப்பான், சீருடை அவனுக்கு உதவும். சாதி அப்படியில்லை, தன் சாதி மேலே என்று நினைக்கிறவன் அதைக் காட்டப் பார்க்கிறான். காட்ட நினைக்கிறவனுக்கு எந்தச் சட்டையும் திரை ஆகாது. ஆக, என் தையல் கடை நியாயம் பாதித் தூரம்தான் வரும். மீதிக்கு வேறு வேலை செய்தாக வேண்டும்.

அந்த வேறு வேலையும் அறிக்கையில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும். சாதியைக் குறிப்பிட்டு ஆசிரியர் அழைக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எங்கள் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் "எஸ்.சி. பசங்க எழுந்திரு" என்று சத்தமாகச் சொல்வார்கள். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட பத்துப் பதினைந்து பேர் எழுந்து நிற்பார்கள். சீருடை வருஷம் பூராவும் சேர்த்துவைத்ததை வாத்தியார் ஒரு வரியில் கலைத்துவிடுவார்.

கயிற்றைத் தடுக்கப் பள்ளிக்கல்வித் துறை 2019-லேயே ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அடங்கிப்போனது. இந்தத் தடவை என்ன ஆகிறது பார்ப்போம்.

20 ஜூன், காலை

எதிர்பார்த்தவர் எழுதிவிட்டார். எதிர்பாராத ஒருவரும் எழுதியிருக்கிறார்: "திலகத்தையும் தடுப்பீர்களா, அது சாதியா மதமா? அப்படியானால் உடுப்பியில் செய்ததும் சரிதானே?"

நல்ல கேள்வி, நேற்று இரவே எனக்கும் உறுத்தியது. 2022 ஜனவரியில் கர்நாடகத்தின் உடுப்பி அரசு பெண்கள் பி.யு. கல்லூரியில் (நம் ஊர் 11, 12-ஆம் வகுப்பு மாதிரி) தலையில் துணி போட்டு வந்த முஸ்லிம் மாணவிகளை வகுப்பில் விடவில்லை. பிப்ரவரி 5-ஆம் தேதி கர்நாடக அரசு சீருடையை வலியுறுத்தி ஆணை போட்டது. மார்ச் 15-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஹேமந்த் குப்தா அரசாணையை ஏற்றார். சுதான்ஷு துலியா ஏற்கவில்லை. ஒரு பெண் பிள்ளையின் படிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நியாயத்தின் மையம். வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது.

நான் துலியா பக்கம். சீருடை போட்டு, அதே நிறத்தில் தலையில் ஒரு துணி போட்டு வருகிற பெண் யாரையும் கீழே தள்ளவில்லை. கயிறு கட்டுகிறவன் "நீ யார்" என்று பக்கத்திலிருப்பவனைக் கேட்பதற்காகக் கட்டுகிறான். இரண்டும் ஒன்றில்லை. திலகத்தில் எனக்குத் தெளிவு இல்லை. வீட்டில் அம்மா வைத்துவிடும் திருநீறும் கும்பல் சேர்ந்து வைத்துக்கொள்ளும் திலகமும் ஒரே நெற்றியில்தான் இருக்கின்றன, வாசலில் நிற்கிற பி.டி. மாஸ்டர் எதை அழிப்பார்? இதில் சட்டம் போடுவதற்கு முன் நூறு தரம் யோசிக்க வேண்டும் என்பேன்.

ஒன்று மட்டும் உறுதி. எது தடையாக இருந்தாலும் அதற்குத் தண்டனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதாக இருக்கக்கூடாது. கயிறு கட்டினவனையும்தான். அவனுக்குத்தான் வகுப்பு இன்னும் அதிகமாகத் தேவை.

20 ஜூன், மாலை

கேள்வி கேட்டவர் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தாராம். ஓவர்கோட்டுக்கு அந்த மாதம் முடியும்வரை விலக்கு கொடுத்து டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூடவே, போன வருஷம் 12 முடித்துப் போன பிள்ளைகளின் பழைய ஓவர்கோட்டுகள் ஒரு பீரோவில் இருப்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்களாம். அப்படியானால் முதல் நாளே பீரோவைத் திறந்திருக்கலாமே, வராந்தா எதற்கு?

22 ஜூன்

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் எழுதியதை, என்னைப் போல இதைப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்காக இங்கே கொண்டுவருகிறேன். அங்கே அரசுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளைதான், தீவு முழுக்க. சின்னப் பையன்களின் டவுசர் மட்டும் நீலம். 1993-இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கினார்கள். துணியாகக் கொடுப்பார்கள், தைப்பது வீட்டுப் பொறுப்பு. நடுவில் சில வருஷம் துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு 2023-இல் தேவையான துணியில் பெரும்பகுதியைச் சீனா கொடுத்தது. முஸ்லிம் மாணவிகளுக்குத் தலையை மூடுகிற வெள்ளைச் சீருடை அங்கே பல காலமாக இருக்கிறது. உடுப்பிக்காரர்கள் பக்கத்தில் ஒரு தீவைப் பார்த்திருக்கலாம்.

நண்பரின் குறை வேறு. "வெள்ளையைத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு உடுப்புத் தோய்த்துப் பழக்கமில்லை அண்ணை" என்கிறார். செம்மண் ஊரில் மழைக்காலத்தில் வெள்ளைப் பாவாடையோடு சைக்கிளில் போகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தோய்க்கிறது அம்மா. மாதவிடாய் நாட்களில் வெள்ளை உடுப்பு என்ன பாடு என்பதை அவருடைய மனைவி சொல்லச் சொன்னாராம். நிறம் முடிவு செய்கிற குழுக்களில் துணி துவைக்கிறவர் ஒருவராவது இருக்க வேண்டும். நம்முடைய அரசுப் பள்ளிகளில் வெள்ளையும் காக்கியும் போய் வேறு நிறங்கள் வந்தபோது ஆரம்பத்தில் எனக்கு என்னவோ போல இருந்தது. இப்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது. அழுக்கு தாங்கும்.

23 ஜூன்

ஆசிரியை ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், நன்றி டீச்சர். பெண் பிள்ளைகளுக்குச் சீருடை என்பது துணியோடு முடிவதில்லை என்கிறார். இரட்டைச் சடை, அதை மடித்துக் கட்டி ரிப்பன், துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்துவது, அதற்கு மேல் ஓவர்கோட். ஒரு பெண் பிள்ளை கிளம்புவதற்குப் பையனைவிட அரை மணி நேரம் அதிகம் ஆகிறது, அதுவும் அம்மாவோ அக்காவோ சடை போட்டுவிட இருந்தால். அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிற வீடுகளில் பிள்ளை ஒற்றைச் சடையோடு வந்து திட்டு வாங்குகிறது.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கர அரசு ஆரம்பப் பள்ளியில் 2018-லேயே ஆண், பெண் எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே வருகிற டிராயரும் சட்டையும் என்று மாற்றிவிட்டார்கள். 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரியில் மேல்நிலை மாணவிகளுக்குப் பேன்ட், சட்டை வந்தபோது எதிர்ப்பும் வந்தது. ஆரம்பப் பள்ளியில் பெரிய சண்டை இல்லாமல் நடந்தது கவனிக்க வேண்டியது. ஓடி விளையாட முடிகிறது என்பது அந்த வயதில் எல்லாருக்கும் புரிகிற காரணம்.

நம் ஊரிலும் தாவணி போய்ச் சுடிதார் வந்தபோது பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். என் அக்கா தாவணியில் சைக்கிள் ஓட்டி, சக்கரத்தில் முந்தானை சுற்றி, விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டவள். சுடிதார் வந்த வருஷம் "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா" என்றாள்.

26 ஜூன்

"9 முதல் 12 வரைக்கும் கொடுத்தால் செலவு எங்கே போய் நிற்கும்" என்று கணக்குக் கேட்டவருக்கு: செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போதும் அந்தச் செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதிகம் கட்டுவது குறைவாகச் சம்பாதிக்கிற வீடு. மொத்தமாக நெய்து, மொத்தமாகத் தைத்தால் விலை குறையும், அந்த ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதம் சட்டமன்றத்தில் நடக்கிற நேரம் இது. உங்கள் ஊர் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் போடுங்கள். இங்கே நான்கு பக்கம் எழுதியதைவிட அது உபயோகம்.

இன்னொருவர், வேண்டுமென்றால் போடலாம் என்று விருப்பத்துக்கு விட்டுவிடலாமே என்கிறார். விருப்பம் என்றால் வசதி இருக்கிறவன் கலரில் வருவான், இல்லாதவன் சீருடையில் வருவான். சீருடையே ஏழையின் அடையாளமாகிவிடும். சில உதவி பெறும் பள்ளிகளில் இப்போதே இது உண்டு. சத்துணவுப் பிள்ளைகள் அரசு கொடுத்த துணியிலும், மற்றவர்கள் கடையில் வாங்கிய அதே நிறத் துணியிலும் வருவார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட ஆவதில்லை. கொடுத்தால் எல்லாருக்கும் கொடுங்கள், போட்டால் எல்லாரும் போடுங்கள். நடுவழி இதில் வேலை செய்யாது.

28 ஜூன்

தையல் சந்தேகம் கேட்டவருக்கு மட்டும் பதில், மற்றபடி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

துணியை வாங்கினவுடன் தைக்கக் கொடுக்காதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பேன்ட் கணுக்காலுக்கு ஏறிவிடும். பேன்ட் அடியில் இரண்டு அங்குலமாவது உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், இடுப்பில் பின்தையலில் ஒரு அங்குலம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில் பிரித்துவிடும்போது பழைய மடிப்பில் கோடு தெரியும், அதற்குப் பயந்து சிலர் மடிப்பே வைப்பதில்லை. வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து கோட்டின் மேல் நனைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி போடுங்கள். காட்டனில் நன்றாகவே மங்கும், பாலியெஸ்டர் கலந்த துணியில் அவ்வளவு போகாது. தையல் கூலியைப் பேரம் பேசாதீர்கள், ஜூனில் அவர்கள் தூங்குவதில்லை.